செப்பு அணிகளும் களிம்பும்

நாட்டுப்புறப் பள்ளிகளில் பொருட்காட்சி நடைபெறும்போது, மாணவர்கள் தத்தம் வீட்டிலுள்ள பழம்பொருள்களைக் கொணர்ந்து வைப்பது வழக்கம். அவற்றுள் கையால் தட்டிச் செய்த செப்புக் காப்பு ஒன்று இருப்பின், உடனே அதனைப் புளியும் உப்பும் இட்டுத் தேய்த்துவிடுகின்றனர். காப்பு பளபளக்கின்றது, பார்ப்போரும் மகிழ்கின்றனர். சில திங்கள் கழித்து அதன்மேல் வெளிறிய பச்சைப் புள்ளிகள் தோன்றுமாயின், அக்குற்றம் செம்பினுடையதன்று.

சைவ சித்தாந்த நூல்கள் உயிரைப் பற்றிய ஆணவ மலத்திற்குச் செம்பிற் களிம்பை உவமை கூறும். களிம்பு செம்புடன் உடன்தோன்றியது என்பது அவ்வுவமையின் கருத்து. இரசாயன நூலார் இதற்கு உடன்படார். காற்றும் ஈரமும் வியர்வையும் உப்புமே களிம்பை விளைவிப்பன.

ஆதலின், அணியின்மேற் காணும் நிறங்களை முதலில் வேறுபடுத்தி அறிதல் வேண்டும். செம்பு பிராணவாயுவுடன் கூடுவதால் உண்டாகும் பழுப்புப் படலம் தீங்கற்றது. அடியிலுள்ள உலோகத்தை அது ஓரளவு காக்கவும் செய்கின்றது. கந்தகத்தால் கருமை படர்கின்றது. சேகரித்த அணிகளோடு பெயர்ச்சீட்டை ரப்பர் வளையத்தால் கட்டி வைக்கும் களப் பணியாளர் இதனை மறத்தல் ஆகாது; ரப்பரிலுள்ள கந்தகம் செம்பின்மேல் கருங்கோடு இட்டுவிடும். பருத்தி நூலே தக்கது. அணிவோர் தோலிற் படியும் பச்சைக் கறை வியர்வையால் உண்டாவது. சோப்பு நீரில் நீங்கிவிடும்.

அஞ்சத்தக்கது குளோரைடே. பொறித்த கோடுகளிலும் நுண்ணிய பள்ளங்களிலும் உப்பு தங்கிவிடின், அங்கே குப்ரஸ் குளோரைடு உண்டாகக்கூடும். ஈரமும் பிராணவாயுவும் சேர்ந்ததும் அது ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை வெளிவிடுகின்றது. அவ்வமிலம் புதிய செம்பை அரித்து மீண்டும் குளோரைடை ஆக்குகின்றது. இங்ஙனம் அரிப்பு தன்னைத்தானே வளர்த்துக்கொள்கின்றது. தூளாக உதிரும் வெளிர்பச்சைப் புள்ளியே இதன் அடையாளம். இறுகிப் படிந்த கரும்பச்சைப் படலம் வேறு. மண்ணில் நெடுநாள் கிடந்த பொருள்களில் இந்நோய் மிகுதி. அத்தகைய பொருளை ஆசிரியர் தாமே துலக்க முற்படாது, உலர்ந்த பெட்டியில் தனியே வைத்து, அருங்காட்சியகத்தின் பாதுகாப்பு ஆய்வுக்கூடத்தை நாடுதல் வேண்டும்.

நாள்தோறும் அணியும் காப்பிற்கு இவ்வளவு அச்சம் வேண்டா. வெதுவெதுப்பான நீரும் சோப்பும் மென்துணியுமே பெரும்பாலும் போதும். கருமை நீங்கவேண்டுமெனின் புளிக்கரைசல் நன்று. அதிலுள்ள டார்டாரிக் அமிலம் செம்பின் ஆக்சைடைக் கரைக்கும். உப்புச் சேர்த்தால் வேலை விரைந்து முடியும் என்பது மெய்யே. பின்விளையும் தொல்லையை நோக்க அவ்விரைவு வேண்டுவதன்று. ஓரிரு நிமிடங்களில் எடுத்து, நீரை மும்முறை மாற்றி அலசி, ஈரம் அறத் துடைத்துவிடல் வேண்டும். செங்கற்பொடி கூடவே கூடாது. கம்மியர் சுத்தியலின் தடம் அதனால் தேய்ந்தொழியும். அத்தடம் போனபின் கைவேலைக்குச் சான்று ஏது? பொன்முலாம் பூசியவற்றையும், அரக்கில் கல் பதித்தவற்றையும் புளியில் இடலாகாது.

வாய் திறந்த காப்பை அணியும்போதெல்லாம் அகலப் பிரித்துப் பின் நெருக்குவோர் பலர். செம்பு வளைக்க வளைக்க இறுகும் இயல்பினது. தட்டி உருவாக்குங்கால், கம்மியர் இடையிடையே அதனை நெருப்பிலிட்டுச் சிவக்கக் காய்ச்சி அவ்விறுக்கத்தைப் போக்குவர். அணிந்தபின் அதற்கு வழியில்லை; பலமுறை வளைந்த காப்பு நடுவே விரிசல் கண்டு முறியும். வாயைப் பிரிக்காமல், மணிக்கட்டின் மெலிந்த பக்கமாகச் சாய்த்து நுழைப்பதே முறை.