கொக்கிளாய்ச் சேற்றுக்கு வந்த விருந்தாளிகள்

டிசம்பர் விடுமுறையில் ஒருநாள், சுபஹ் தொழுத கையோடு வாப்பாவின் மோட்டார் சைக்கிளில் தண்ணீரூற்றிலிருந்து புறப்பட்டோம். முல்லைத்தீவு, அளம்பில், செம்மலை, நாயாறு தாண்டிக் கரையோர வீதியால் கொக்கிளாய். வாப்பா சிறுவயதில் பார்த்த இடம். 1990இல் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது புத்தளம் போனவர், ஊர் திரும்பிய பின்னும் இந்தப் பக்கம் வரவேயில்லை.

கொக்கிளாய்க் களப்பு 1951இல் சரணாலயமாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. மாரி மழைநீரும் கடல்நீரும் கலக்கும் ஆழமற்ற நீர்ப்பரப்பு. கரையில் பார்த்தால் வெறும் சேறு. அந்தச் சேற்றுக்குள்தான் புழுவும் சிறு நண்டும் சிப்பியும் இருக்கின்றன. சைபீரியா போன்ற வடநாடுகளில் குஞ்சு பொரிக்கும் கரைப்பறவைகள், அங்கு நிலம் பனியில் உறையும் காலத்தில் உறையாத சேற்றைத் தேடி வருகின்றன. ஆகஸ்ட், செப்டெம்பரில் வரத் தொடங்கி ஏப்ரல் அளவில் திரும்பிவிடும்.

ஒரே சேற்றில் இத்தனை இனங்களும் எப்படி உண்கின்றன? அலகைப் பார்த்தால் விளங்கும். சின்ன உள்ளானின் அலகு சுமார் 2 சென்ரிமீற்றர். அது மேற்பரப்பில் கொத்தும். சிவந்த கால்களையுடைய பவளக்காலி 4 சென்ரிமீற்றர் வரை துளாவும். கோட்டானின் வளைந்த அலகோ 10 சென்ரிமீற்றருக்கும் மேல். ஆழத்துப் புழு அதற்கு. (கோட்டான் என்றதும் ஆந்தையை நினைக்காதீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.) உள்ளான் இனங்கள் பலவற்றின் அலகு நுனியில் உணர்நரம்புகள் செறிந்துள்ளதால், கண்ணுக்குத் தெரியாத இரையையும் அவை தொட்டே அறியும்.

இவ்வளவும் புத்தகத்தில் படித்துக்கொண்டு போன நான் செய்த வேலையைச் சொல்ல வெட்கமாயிருக்கிறது. தொலைபேசியில் படம் எடுக்க ஆசைப்பட்டுச் சேற்றில் இறங்கி நடந்தேன். முழுக் கூட்டமும் ஒரேயடியாய் எழும்பிப் பறந்தது. வலை உதறிக்கொண்டிருந்த ஐயா ஒருவர், “தங்கச்சி, அதுகளைத் தின்ன விடுங்கோ. நாங்களே அந்தப் பக்கம் போறேல்ல” என்றார்.

அவர் சொன்னதன் காரணம் இதுதான். திரும்பும் பயணத்துக்கு முன் சில கரைப்பறவைகள் கொழுப்பைச் சேர்த்து உடல் எடையை ஏறக்குறைய இரட்டிப்பாக்குகின்றன. அதுவே அவற்றின் எரிபொருள். 2022இல் இளம் பட்டைவால் மூக்கன் ஒன்று அலாஸ்காவிலிருந்து டஸ்மேனியாவுக்கு எங்கும் இறங்காமல் 11 நாட்களில் 13,560 கிலோமீற்றர் பறந்ததைச் செய்மதிக் கருவி பதிவு செய்தது. அப்படிப்பட்ட பயணத்துக்குச் சேமிப்பதை, நான் ஒரு படத்துக்காக வீணாக்க வைத்தேன். உண்ணும் நேரமும் போயிற்று. அடுத்தடுத்து நாலு பேர் அப்படி நடந்தால்?

கரைக்கு வந்து வாப்பாவோடு பேசாமல் உட்கார்ந்தேன். அரை மணித்தியாலம் போனது. முதலில் சின்ன உள்ளான்கள் வந்தன, பிறகு பவளக்காலிகள். கோட்டான்கள் கடைசிவரை சந்தேகத்தோடு தூரத்திலேயே நின்றன. இரவல் வாங்கிய பைனாகுலரால் எண்ணிக் கொப்பியில் எழுதினேன்: கோட்டான் 7. வாப்பா வாங்கிப் பார்த்துவிட்டு எட்டு என்றார்.