அப்பா பாட்டைப் பாடியே வாழ்ந்தவர்

ஆண்டு மலருக்கு ஒரு அமெரிக்கப் பாடகரைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் எங்கள் செட்டில் ஒரே சிரிப்பு. "எலக்ட்ரானிக்ஸ் படிக்கிறவன் மைக்கைப் பத்தி எழுதுடா" என்றார்கள். கவலை வேண்டாம், மைக்கும் வரும்.

அமெரிக்காவில் "ஸ்டாண்டர்ட்" என்று ஒரு வகைப் பாட்டு உண்டு. ஐ.எஸ்.ஐ. முத்திரை என்று நினைத்துவிடாதீர்கள்! ஏறக்குறைய 1920களில் இருந்து 1950கள் வரை நாடகத்துக்கும் சினிமாவுக்கும் எழுதின பாட்டுகள்தான் இவற்றில் பெரும்பாலானவை. இர்விங் பெர்லின், கோல் போர்ட்டர், ஜார்ஜ் கெர்ஷ்வின் போன்றவர்கள் மெட்டுப் போட்டவை. எழுதியவர் ஒருவர், பாடியவர் நூறு பேர். பலவும் 32 பார் கணக்கில் அடங்கும். முதல் எட்டு பார் ஒரு மெட்டு, அடுத்த எட்டும் அதே மெட்டு, மூன்றாவது எட்டு வேறு மெட்டு, கடைசி எட்டு திரும்பவும் பழைய மெட்டு. மூன்றாவது எட்டுக்குப் பெயர் "பிரிட்ஜ்". சிவில் நண்பர்கள் சந்தோஷப்படலாம்.

இந்தப் பாட்டுகளைப் பாடி உச்சிக்குப் போனவர் ஃப்ராங்க் சினாட்ரா (1915-1998). அவர் பாடிப் பிரபலமாக்கியதை அவர் பாணியிலேயே, அவர் பேரைச் சொல்லியே நைட் கிளப்பிலும் ஓட்டலிலும் பாடிப் பிழைக்கிறவர்கள் நிறையப் பேர். இவர்களை "ட்ரிப்யூட் சிங்கர்" என்பார்கள். அந்த வரிசையில் சொந்த மகனே ஒருவராக நின்றார் என்பதுதான் விசேஷம். பேரும் அதே பேர்: ஃப்ராங்க் சினாட்ரா ஜூனியர்.

1944-ல் பிறந்தவர். 1963-ல் டாமி டோர்ஸி பேண்டில் பாட ஆரம்பித்தார். டோர்ஸி 1956-லேயே இறந்துவிட்டார், பேண்ட் மட்டும் அவர் பேரில் ஓடிக்கொண்டிருந்தது. 1940-லிருந்து 1942 வரை அப்பா பாடி முன்னுக்கு வந்ததும் இதே பேண்டில்தான். அந்த வருஷம் டிசம்பர் 8-ஆம் தேதி லேக் டாஹோவில் பாடப் போயிருந்த இடத்தில், ஓட்டல் அறையிலிருந்தே அவரைக் கடத்திவிட்டார்கள். வயது 19. நம்மைவிட ஒரு வயசுதான் கூட! அப்பா 2,40,000 டாலர் கொடுத்து மீட்டார். கடத்தியவர்கள் பிடிபட்டார்கள். ஆனால் விளம்பரத்துக்காக வீட்டுக்காரர்களே செய்த நாடகம் என்று கோர்ட்டில் ஒரு வாதம் வைத்தார்கள். ஜூரி அதை நம்பவில்லை, ஊர்வாய் மட்டும் லேசில் அடங்கவில்லை.

அதைவிடப் பெரிய அடி அடுத்த வருஷம் விழுந்தது என்பது என் அபிப்பிராயம். 1964 பிப்ரவரியில் பீட்டில்ஸ் அமெரிக்காவில் வந்து இறங்கினார்கள். அவர் வயசுப் பிள்ளைகள் எல்லாம் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டார்கள். இருபது வயசுப் பையன் கோட்டு சூட்டோடு நின்று ஐம்பது வயசுக்காரர்களுக்குப் பாட வேண்டியதாயிற்று. அவர் பேர் சொல்ல ஒரு ஹிட் ரெக்கார்டு வரவில்லை. இதை அவரே பேட்டியில் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார்.

எங்க வீட்டில் டிப்ளமோ வரைக்கும் வந்தது நான்தான் முதல் ஆள். எந்த ஆபீஸ் படி ஏறினாலும் "அப்பா யாரு?" என்று கேட்பார்கள், சொன்னால் யாருக்கும் தெரியாது. இவருக்கோ அப்பா பேரைச் சொன்னதும் எல்லாக் கதவும் திறந்தது. உள்ளே போனால் எல்லோரும் அப்பாவைத்தான் தேடினார்கள். இரண்டில் எது கஷ்டம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

இப்போ மைக்குக்கு வருவோம். பெரிய சினாட்ரா மைக்கையே ஒரு வாத்தியம் மாதிரி கையாண்டவர். ஒரு பக்கச் சத்தத்தை மட்டும் அதிகம் வாங்கும் மைக்கில் வாயைக் கிட்டே கொண்டுபோனால் பேஸ் கூடிவிடும். இதற்குப் பேர் ப்ராக்ஸிமிட்டி எஃபெக்ட். மெதுவாகப் பாடும்போது நெருங்கினால் காதுக்குள் ரகசியம் பேசுகிற மாதிரி இருக்கும். உச்சஸ்தாயியில் விலகாவிட்டால் ஆம்ப்ளிஃபயர் டிஸ்டார்ஷன் அடிக்கும். மூச்சு இழுக்கிற சத்தமும் கேட்கக் கூடாது. டோர்ஸி டிராம்போன் ஊதும்போது மூச்சு வாங்குவதே தெரியாதாம். அதைப் பார்த்துப் பார்த்துப் பழகினார் சினாட்ரா, நுரையீரலுக்காகத் தண்ணீருக்குள் மூழ்கியும் நீந்தினார். அவர் பாணியில் பாட நினைக்கிற எவரும் குரலோடு சேர்த்து இதையெல்லாம் பழக வேண்டும். தொப்பி வைத்தால் மட்டும் போதாது!

பணக்கணக்கு ஒன்றும் இங்கே சொல்ல வேண்டும். அங்கே கிளப்பில் பாட்டுப் பாடினால், கிளப்காரர் ஆஸ்கேப் மாதிரி அமைப்புகளுக்கு லைசென்ஸ் பணம் கட்டுகிறார். அது போய்ச் சேருவது பாட்டு எழுதினவர், மெட்டுப் போட்டவர், பதிப்பாளர் இவர்களுக்கு. முதலில் பாடிப் புகழாக்கின பாடகருக்குச் சல்லிக்காசு கிடையாது. அதாவது மகன் எத்தனை மேடையில் பாடினாலும், அதைப் பாடிக் காட்டினதற்காக அப்பாவுக்கு ஒரு டாலர்கூட வராது.

1988-ல் அப்பாவே மகனைக் கூப்பிட்டார். பாட அல்ல, கண்டக்டராக. (பஸ் கண்டக்டர் அல்ல, ஆர்கெஸ்ட்ராவை நடத்துகிறவர்.) அப்போது அப்பாவுக்கு 72 வயது. போகப் போக ஞாபகம் தப்ப ஆரம்பித்தது, வரிகளைத் திரையில் ஓடவிட்டுப் பார்த்துப் பாடினார். பாடகர் ஒரு வரி தாமதித்தால் மொத்த வாத்தியக் கோஷ்டியையும் இழுத்துப் பிடிப்பது கண்டக்டர் வேலை. சபைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு செய்கிற வேலை. 1990களின் நடுவில் அப்பா மேடையை விட்டு விலகும் வரை மகன் இதைச் செய்தார். அவர் செய்ததிலேயே பெரிய காரியம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

அப்பா போன பிறகு "சினாட்ரா சிங்ஸ் சினாட்ரா" என்று நிகழ்ச்சி நடத்தினார். பாடுவதோடு நிற்காமல் யார் எழுதினது, யார் வாத்தியம் அமைத்தது என்று பேர் பேராகச் சொல்லுவார். 2015-ல் அப்பாவின் நூற்றாண்டுக்கும் ஊர் ஊராகப் போனார். 2016 மார்ச் 16-ஆம் தேதி ஃப்ளோரிடாவில் டேடோனா பீச் என்ற ஊரில், டூரின் நடுவிலேயே மாரடைப்பில் இறந்தார். வயது 72. அன்றைக்கு ராத்திரி அங்கே அவருக்கு ஒரு ஷோ இருந்தது.