சாத்தனூர் அணையும் சில மணி நேர அவகாசமும்

திருவண்ணாமலை மாவட்டத்தில் தென்பெண்ணையாற்றின் குறுக்கே 1958இல் கட்டி முடிக்கப்பட்ட சாத்தனூர் அணை, 119 அடி நீர்மட்டத்தில் ஏறத்தாழ 7.3 டிஎம்சி, அதாவது 730 கோடி கன அடி நீரைத் தேக்கும். ஃபெஞ்சல் புயலையொட்டிப் பெய்த பெருமழையில், 2024 டிசம்பர் 2 அதிகாலை இவ்வணையிலிருந்து விநாடிக்குச் சுமார் 1.68 லட்சம் கன அடி நீர் திறந்துவிடப்பட, விழுப்புரம், கடலூர் மாவட்டங்களின் ஆற்றோர ஊர்கள் வெள்ளக்காடாயின. அதே அளவில் நீர் வந்தால், வறண்டு கிடக்கும் அணைகூடப் பன்னிரண்டு மணி நேரத்தில் நிரம்பிவிடும். முன்கூட்டியே ஒரு டிஎம்சியைத் திறந்துவிட்டு இடம் ஒழித்து வைத்தாலும், அந்த இடம் தீர நூறு நிமிடம் போதும்.

இந்தக் குறுகிய அவகாசத்தை நீட்டித்துத் தருவதே வெள்ளக் கணிப்பு மென்பொருள்களின் பணி. அமெரிக்க ராணுவப் பொறியாளர் படையின் நீரியல் மையம் விலையின்றி வழங்கும் ஹெச்இசி-ஹெச்எம்எஸ் என்பது, நீர்ப்பிடிப்புப் பகுதியின் மண், சரிவு, நிலப்பயன்பாடு ஆகியவற்றைக் கொண்டு, பெய்த மழையில் எவ்வளவு நிலத்துள் இறங்கும், எஞ்சியது எப்போது ஆற்றை அடையும் என்று கணிக்கிறது. அதன் இணையான ஹெச்இசி-ராஸ், பிரெஞ்சு அறிஞர் செயின்ட் வெனான்ட் 1871இல் வகுத்த சமன்பாடுகளைப் படிப்படியாகத் தீர்த்து, அந்த நீர் ஆற்றில் எவ்வளவு உயரத்தில், எவ்வளவு வேகத்தில் செல்லும் என்று காட்டுகிறது. இதற்கு ஆற்றின் குறுக்குவெட்டு அளவுகளும், நீரோட்டத்தைத் தடுக்கும் சொரசொரப்பைக் குறிக்கும் மேனிங் கெழுவும் தேவை. மணல் அள்ளிய பள்ளங்களும் சீமைக்கருவேலம் மண்டிய படுகையும் இவ்விரண்டையும் மாற்றிவிடுவதால், பழைய அளவீட்டை வைத்துக்கொண்டு வரையப்படும் வண்ண வரைபடம் கண்ணுக்கு அழகாக இருக்குமேயன்றி நம்பத்தக்கதாக இராது.

அதைவிடப் பெரிய சிக்கல் மழைத்தரவு. அந்தப் புயலின்போது சாத்தனூருக்கு மேலே, பாம்பாற்றங்கரையிலுள்ள ஊத்தங்கரையில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. இத்தகைய மழையை மணிக்கு மணி அளந்து அனுப்பும் தானியங்கி மழைமானிகள் நெருக்கமாக இல்லாத இடத்தில், எத்தனை நுட்பமான மென்பொருளாயினும் தாமதமாகவே விழித்துக்கொள்ளும்.

பெய்யப்போகும் மழையை நம்பி முன்னதாகவே மதகைத் திறப்பதும் எளிதன்று. வடகிழக்குப் பருவமழை முடியும் தறுவாயில் திறந்துவிட்ட பின் மழை பொய்த்தால், அணையை நம்பியிருக்கும் ஆயக்கட்டுக்குக் கோடையில் நீர் இராது. ஆகவே ஒரே முன்கணிப்பை நம்பாமல், சற்றுச் சற்று வேறுபட்ட பல மழையளவுகளைக் கொடுத்து மென்பொருளைத் திரும்பத் திரும்ப இயக்கி, அணை நிரம்பி வழிவதற்கான வாய்ப்பு எவ்வளவு என்று கணக்கிடும் முறை இன்று பல நாடுகளில் வழக்கில் உள்ளது. எவ்வளவு வாய்ப்பு இருந்தால் மதகைத் திறப்பது என்ற வரம்பை மட்டும் எந்த மென்பொருளும் சொல்லாது. அதை நீர்வளத் துறையும் மாவட்ட நிர்வாகமும் ஆயக்கட்டு உழவரும் மழைக்காலத்துக்கு முன்பே கூடிப் பேசி வகுத்தாக வேண்டும்.