இரத்மலானை: பயில்வோரின் ஓடுபாதை

கொழும்புக்குத் தெற்கே அமைந்த இரத்மலானை விமான நிலையம், 1935 நவம்பர் 27 அன்று சென்னைப் பறத்தல் கழகத்தின் 'புஸ் மொத்' ரகச் சிறு விமானம் முதன்முதலில் தரையிறங்கிய நாள்தொட்டு, 1960களின் பிற்பகுதியில் கட்டுநாயக்க விமான நிலையம் அப்பொறுப்பை ஏற்கும் வரை, இலங்கையின் பன்னாட்டு வான்வாசலாக விளங்கியது. பெரிய விமானங்கள் விலகிச் சென்றது இழப்பே எனினும், பறக்கக் கற்போருக்கு அது நன்மையாகவே முடிந்தது எனலாம். ஏனெனில், பேருடல் ஜெட் விமானம் தன் பின்னால் விட்டுச்செல்லும் காற்றுச்சுழல், இருவர் அமரும் செஸ்னா பயிற்சி விமானத்தைப் புரட்டிவிடக் கூடியது.

ஏறத்தாழ 1,800 மீட்டர் நீளமுள்ள அதன் ஓடுபாதையின் இரு முனைகளிலும் 04, 22 என்னும் எண்கள் தீட்டப்பட்டுள்ளன; இவை காந்த வடக்கிலிருந்து கணிக்கப்படும் 40, 220 பாகைத் திசைகளை, இறுதிச் சுழியம் நீக்கிக் குறிப்பவை. காற்று எத்திசையிலிருந்து வீசுகிறதோ அதை எதிர்கொள்ளும் முனையே தேர்ந்தெடுக்கப்படுகிறது. மாணவர் மேலெழுந்து, செவ்வக வடிவில் ஓடுபாதையைச் சுற்றிவந்து, சக்கரங்கள் தரையைத் தொட்டதும் நிற்காமல் மீண்டும் விசையைக் கூட்டி எழும் 'தொட்டெழும்' பயிற்சி பன்முறை நிகழ்கிறது. பயிற்றுநர் இறங்கிக்கொள்ள, மாணவர் தனித்துப் பறக்கும் முதற்சுற்றும் பெரும்பாலும் இதே செவ்வகத்தில்தான்.