பச்சிலையும் பாடப்புத்தகமும்

தொம்மலூரில் குடியேறியுள்ள நம்மவர் இல்லங்களில் ஊரிலிருந்து கொண்டுவந்த மூலிகைப் பொட்டலம் இல்லாத வீடு அரிது. சொறி சிரங்கிற்குக் குப்பைமேனி, அம்மைத் தழும்பிற்கு வேம்பு, முகப்பொலிவிற்குக் கஸ்தூரி மஞ்சள் என்று நாம் தயக்கமின்றிக் கையாளுகிறோம். மருந்தாளுமை பயிலும் மாணவர்கள் இவற்றைப் பற்றி என்ன கருதுகின்றனர்? இதனை அறியும் வாய்ப்பு எனக்கு ஒரு வருத்தத்தின் வழியே கிட்டிற்று.

சென்ற கோடையில் என் மகளின் முழங்காலில் வெண்புள்ளி ஒன்று தோன்றியது. பெண் பிள்ளையாயிற்றே என்னும் அச்சத்தால் எவரிடமும் கூறாமல், கார்போக அரிசியை அரைத்துத் தடித்துப் பூசி வெயிலில் விளையாட விட்டேன். இரண்டே நாளில் அவ்விடம் சிவந்து கொப்புளித்தது.

விடுமுறைக்கு வந்திருந்த என் தமக்கை மகள் பி.பார்ம். மூன்றாம் ஆண்டு மாணவி. அவள் கண்டதும் பதறினாள். "மாமா, நீங்கள் பூசியது வலுவான மருந்து. அளவு தெரியாமல் பூசிவிட்டீர்கள். முதலில் இவளைத் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்" என்றாள்.

கார்போக அரிசியில் சோரலென் என்னும் பொருள் உண்டாம். அது படிந்த தோலில் வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டால் தீப்பட்டாற்போல் புண்ணாகும். இவ்வகைப் பொருளையே வேறொரு செடியிலிருந்து பெற்று, எகிப்து நாட்டு மருத்துவர் எல் மோஃப்தி 1940-களில் வெண்புள்ளிக்கு ஆராய்ந்தார். இன்று மருத்துவர்கள் மருந்தையும் ஒளியையும் அளந்தே அளிக்கின்றனர்.

"அப்படியாயின் உங்கள் வகுப்பில் மூலிகையை இகழ்வார்களோ?" என்று வினவினேன். அவள் நகைத்தாள். "எங்களிற் பலர் அதைப் பாட்டியிடம் கற்ற பின்னரே புத்தகத்தில் படித்தோம். மூலிகை மருந்து நுட்பம் எங்களுக்குத் தனிப்பாடம். ஆனால் நிலத்திற்கும் பருவத்திற்கும் ஏற்ப இலையின் வீரியம் மாறும். ஆகவே சோதித்து, அளவு குறித்துத் தர வேண்டுமென்கிறோம்" என்றாள். மஞ்சள் புண்ணாற்றும் என்பதற்கு அமெரிக்காவில் 1995-இல் வழங்கப்பட்ட காப்புரிமையை, நம் நாட்டு அறிவியல் தொழில் ஆராய்ச்சிக் கழகம் பழைய நூல்களைச் சான்றாகக் காட்டி 1997-இல் நீக்கச் செய்ததையும் பெருமையுடன் கூறினாள்.

அன்பர்களே, வெண்புள்ளி தொற்றுநோயன்று, மறைக்கத் தக்கதுமன்று. புதிய மூலிகை எதையும் முன்கையில் சிறிதளவு தடவி, இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தபின் பூசுக. எரிச்சலோ கொப்புளமோ கண்டால் உடனே கழுவி மருத்துவரை நாடுக. என் மகளின் புண் ஆறிவிட்டது. கருந்தழும்பு இன்னும் மறையவில்லை. அதனைக் காணுந்தோறும், வீட்டிலேயே இருந்த மாணவியை முன்னரே கேளாது போனேனே என்று மனம் நோகிறது.