பேரப்பிள்ளை வரப்போகுதா?

தாத்தா, அம்மாயிமாரே!

கல்முனை, சாய்ந்தமருது கரையோர முஸ்லிம் ஊர்களில் மகளுக்குக் கலியாணத்தோடு வீடும் கொடுப்பது வழக்கம். மாப்பிள்ளைதான் அங்கே வந்து குடியிருப்பார். அதனால் மகளின் பிள்ளைப்பேற்றைப் பார்ப்பது உம்மாவும் வாப்பாவும்தான். லீவு நாளில் குடும்பமாகக் கடற்கரை மணலில் உட்கார்ந்தால், வரப்போகும் பேரப்பிள்ளையைப் பற்றித்தான் பேச்சு. நாமும் திருவிழாவுக்கோ டவுனுக்கோ குடும்பமாகப் போகும்போது இந்த மூன்றையும் பேசி முடிவெடுப்போம்.

1. மகள் எங்கே போனாலும் கிளினிக் அட்டை கையில் இருக்க வேண்டும்.

2. ராத்திரியில் வலி வந்தால் யாருடைய வாகனம்? கூடப் போவது யார்? இரத்தம் பட்டாலோ, பன்னீர்க்குடம் உடைந்தாலோ, கடும் தலைவலியோடு கண் மங்கினாலோ, பிள்ளையின் துடிப்பு குறைந்தாலோ, விடியட்டும் என்று இருக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

3. பிறந்து ஒரு மணித்தியாலத்துக்குள் தாய்ப்பால். 6 மாதம் முடியும்வரை அது மட்டுமே. சீனித்தண்ணியும் தேனும் வேண்டாம். "எங்க காலத்தில நாலு மாசத்திலேயே சோறு குடுத்தோமே" என்பீர்கள். முன்பு 4 முதல் 6 மாதம் என்றுதான் சொன்னார்கள். 2001 இல் உலக சுகாதார ஸ்தாபனம் அதை 6 மாதம் என்று மாற்றியது.

அம்மாயி சொல்லை வீட்டில் யாரும் தட்டுவதில்லை. அந்தச் சொல் தாயையும் பிள்ளையையும் காக்கட்டும்.