மழையை எண்ணிப் பிறக்கும் தத்துக்கிளி

வைகாசியின் பிற்பகுதியில் கொச்சிக்கு மழை வந்த சின்னாட்களில், தோபிகானாவை அடுத்த புல்வெளிகளில் அரிசிமணி அளவே உள்ள பச்சைப் பூச்சிகள் தத்தித் திரிவதைக் காணலாம். மட்டாஞ்சேரியில் பிறந்து வளரும் நம் குழந்தைகள் அவற்றைப் ‘புல்ச்சாடி’ என்பர். திரளாக வந்து பயிரை அழிப்பதையே மலையாளத்தார் பெரும்பாலும் ‘வெட்டுக்கிளி’ என வழங்குவர். நாமோ, தத்துக்கிளி என்னும் நல்ல சொல் கையில் இருக்க, இரண்டையும் வெட்டுக்கிளி என்றே அழைக்கப் பழகிவிட்டோம். இச்சொற்குழப்பத்தால் நம் சங்கத்துக் குடும்பம் ஒன்று பொருள் இழந்தது.

2020 மே மாதக் கடைசி. பாலைவன வெட்டுக்கிளிகள் ஜெய்ப்பூர் நகரின்மீது பறந்த காட்சியை நாடே கண்டு திகைத்திருந்தது. அச்சமயத்தில் கிருஷ்ணகிரி மாவட்டம் நேரலகிரியில் எருக்கஞ்செடிகளை வெட்டுக்கிளிகள் மொய்த்தன என்ற செய்தி பரவியது. நம் அன்பர் ஒருவர்க்கு அம்மாவட்டத்தில் பூர்விக மாந்தோப்பு உண்டு.

“தம்பி, கிளி வந்துவிட்டதாம். இருக்கிறதைப் பறித்துத் தள்ளிவிடட்டுமா?” என்று தமையனார் தொலைபேசியில் கேட்டார்.

“உங்களுக்குச் சரியென்று பட்டதைச் செய்யுங்கள், அண்ணா” என்றார் இவர். ஊரடங்குக் காலமாதலின் நேரில் சென்று பார்க்க வழியில்லை. முற்றாத காய்கள் வந்த விலைக்குப் போயின. அங்கே கண்டவை பாலைவன இனமல்ல, உள்ளூர்த் தத்துக்கிளிகளே என்று வேளாண் துறையினர் தெளிவுபடுத்திய செய்தி அதன் பின்னரே இவர்களுக்கு எட்டியது.

வடக்கே வந்த படையின் தோற்றுவாய் நம் அரபிக் கடலிலேயே இருந்தது. 2018 மே மாதத்தில் மெகுனு, அக்டோபரில் லுபான் என இரு புயல்கள் அரேபியப் பாலையில் பெருமழை பெய்வித்தன. ஈர மணலில் முட்டைகள் பொரித்தன, புல் முளைத்தது, ஒன்பது மாதங்களில் மூன்று தலைமுறைகள் பெருகின. ஒரு தலைமுறைக்கு இருபது மடங்கு என்று கொண்டால் மூன்றில் எண்ணாயிரம் மடங்கு! ஒரு சதுர கிலோமீட்டர்த் திரளில் 4 கோடி முதல் 8 கோடி வரை பூச்சிகள் இருக்கும். அவை ஒரே நாளில் 35,000 மக்களின் உணவை உண்ணும். இக்கடல் வரவரச் சூடேறுவதும், புயல்கள் மிகுவதும் ஆராய்ச்சியாளர் கண்ட உண்மைகளாகும்.

அங்ஙனமாயின் அதே கடலின் கரையில் உள்ள கொச்சியில் அவை ஏன் பெருகுவதில்லை? ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்வதே காரணம். தத்துக்கிளிக்குச் சொந்தச் சூடு கிடையாது. காலை வெயிலில் உடம்பைக் காய்ச்சிக்கொண்ட பின்னரே அது மேயப் புறப்படும். வெயில் மிகுந்தால் முட்டை விரைவில் முதிரும். ஆனால் மண்ணிலிருந்து நீரை உறிஞ்சினாலன்றி அது பொரிப்பதில்லை. முற்றும் உலர்ந்தால் முட்டை சாகும். நீர் நெடுநாள் தேங்கினாலும் சாகும். மூட்டமும் ஈரமும் நீடித்தால் ஒருவகைப் பூஞ்சணம் உடலைப் பற்றுகிறது. நோயுற்ற பூச்சி புல்லின் நுனிவரை ஏறி, தண்டைக் கட்டிப் பிடித்தபடியே உயிர் விடுகிறது. மழைக்காலத்தில் புல்நுனியில் அசையாது நிற்கும் தத்துக்கிளியைத் தொட்டுப் பாருங்கள். சில வேளை அது வெறுங்கூடாகவே இருக்கும்.

நெல்வயலில் இதன் கணக்கு இன்னும் நுட்பமானது. நெல்லுக்குப் பகையான ஓரினம் ஐப்பசி, கார்த்திகையில் வரப்பு மண்ணில் முட்டையிட்டு மடிகிறது. அம்முட்டை எட்டு மாத அளவு உறங்கி, அடுத்த பருவமழையின் ஈரம் பட்டதும் விழிக்கிறது. ஆண்டிற்கு ஒரே தலைமுறை. செல்லானத்துப் பொக்காளி வயல்களிலோ நெல் அறுத்தபின் கார்த்திகை முதல் சித்திரை வரை உப்புநீர் நின்று இறால் வளர்கிறது. மண்ணில் முட்டையிடுவதற்கு அங்கே வரப்பைத் தவிர வேறு புகலிடமில்லை. தண்டின்மீதே முட்டையை ஒட்டிவைக்கும் வேறோர் இனமும் உண்டு. நீரோடு வாழப் பழகிய சாமர்த்தியம் அது!

மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் இக்கதையில் பங்குண்டு. 1901 முதல் 1908 வரை மேற்கிந்தியாவை வாட்டிய பம்பாய் வெட்டுக்கிளி, வறண்ட மாதங்களை இம்மலைக்காடுகளில் கழித்து, பருவமழை தொடங்கியதும் சமவெளிக்குப் பறந்து முட்டையிட்டது. லெஃப்ராய் என்னும் பூச்சியியலார் அதனை ஆராய்ந்து எழுதினார். வயநாட்டில் காப்பி, வாழை, தென்னை முதலியவற்றைத் தின்னும் புள்ளி வெட்டுக்கிளியும் ஆண்டிற்கு ஒருமுறையே பெருகுவது. தொட்டால் நாற்றமுள்ள நுரையைக் கக்குமாதலின் பறவைகளும் அதனைத் தீண்ட அஞ்சும்.

ஊரில் நன்செய் உடைய அன்பர்கள் கோடை விடுமுறைக்குச் செல்லும்போது வரப்பைச் செதுக்கி, கோடை உழவு செய்விப்பார்களாக. வெளிப்பட்ட முட்டைகளை வெயிலும் மைனாக்களும் தீர்த்துவிடும். மருந்துச் செலவும் மிஞ்சும். எருக்கில் மஞ்சளும் நீலமும் வரிவரியாய்த் திகழும் தத்துக்கிளியைக் கண்டால் அஞ்ச வேண்டா. அதற்கு விருப்பமான உணவு எருக்கிலையே. மாந்தோப்பு அன்பர் சென்ற முறை ஊருக்குப் போனபோது அதில் ஒன்றைப் பிடித்துத் தமையனாரிடம் காட்டினாராம். அவர் சற்று நேரம் பார்த்துவிட்டு, “இதுதானா?” என்றாராம்.